பானெட்டில் ஒரு பேத்தி

“அது தலப்பா இல்லப்பா. கண்ணுக்குக் கட்டுன வெள்ளத்துணி. அந்த லைட்டு கண்ணுல படக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில கட்டி வெச்சிருந்தாங்க,” என்றார் அய்யாவு.

சீனு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஒக்கலிபுரம் பாலத்தடி ஞாயிற்றுக்கிழமையும் அடைத்துக்கொண்டுதான் கிடக்கும், வேறு வழியில் விடட்டுமா என்றுதான் கேட்டிருந்தான். அவனுடைய லக்கேஜ் ஆட்டோவில் பின்னால் இருந்த சாமானுக்குப் பெட்ஷீட் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே என்ன என்று அவன் பார்க்கவும் இல்லை.

“சரிண்ணா, தலப்பா இல்ல. பாலத்தடியில போலாமா, வேணாவா?”

“போ. பள்ளத்துல மட்டும் மெதுவா எறக்கு. புள்ள உள்ள இருக்கா.”

சீனு கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யாவுவைப் பார்த்தான். “காலையிலயே எதுனா ஊத்திக்கினியாண்ணா?”

“டீதான்டா.”

உள்ளே இருந்தது ஒரு பழைய காரின் பானெட், அதாவது எஞ்சினை மூடுகிற முன்பக்கத் தகரம். அதன் மேல் அய்யாவு தன் பேத்தியை வரைந்திருந்தார். இன்றைக்கு அவளுக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுகிறார்கள். தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இந்தப் படம் தொங்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அவர் மனைவி லட்சுமம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். கண்ணைக் கட்டின குழந்தைப் படம் என் வீட்டுச் சுவரில் ஏறாது, வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும் என்று. அதனால் சீனுவிடம், இறக்கிவிட்டதும் ஓடிவிடாதே, கொஞ்ச நேரம் வாசலில் நில் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

அய்யாவு அடுகோடியில் கிளிஃபர்டின் ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். படிப்பு நாலாவதோடு சரி. எங்கேயாவது முட்டிக்கொண்டு வருகிற கார்களை டிங்கர் தட்டி நிமிர்த்திக் கொடுத்ததும், பள்ளம் மறையப் பட்டி பூசி, தேய்த்து, மீதி வண்டியின் கலரோடு ஒட்டிப்போகும்படி அடித்துத் தருவது அவர் வேலை. அவர் அடித்த கதவைத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் இடித்தது என்று வண்டிக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டால், அன்றைக்கு அய்யாவுக்குச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கும்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஸ்பிரே கன்னில் கொஞ்சம் பெயின்ட் மிச்சம் நிற்கும். தின்னர் ஊற்றிக் கழுவுவதற்கு முன்னால் அதை எங்கேயாவது அடித்துத் தீர்க்க வேண்டும். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அது சுவருக்குத்தான் போகும். அய்யாவும் பல வருசம் சுவரில்தான் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு பானெட் சுவரில் சாய்ந்திருந்தது. கன்னில் இருந்தது ஸ்கூல் வேன் மஞ்சள். அன்று காலை பஸ்ஸில் அவருக்கு முன் சீட்டில் ஒரு பெண் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்திருந்தாள். அவள் முகம் அவருக்கு ஞாபகமில்லை. அவள் சாய்ந்திருந்த சாய்வுதான் ஞாபகம் இருந்தது. பழைய பேப்பரைக் கையால் கிழித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு, அந்தச் சாய்வை மட்டும் அடித்தார். மறுநாள் ஒரு ஊதாக் கார் முடிந்ததும் அவள் பக்கத்தில் ஜன்னல் வந்தது. அதற்கப்புறம் ஒரு சாம்பல் கலர் வண்டி வரும்வரை அவள் தலைக்குப் பின்னால் இருட்டு வராமலே கிடந்தது.

கிளிஃபர்ட் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

“இது மனுசனா, வண்டியா அய்யாவு?”

“லேடீஸ் சார்.”

“பாவம், எங்க முட்டிக்கிச்சு? இன்சூரன்ஸ் இருக்கா கேளு.”

கிண்டல் பண்ணினாலும் கிளிஃபர்ட் அதைக் காயலான் கடைக்குப் போடவில்லை. அப்படியே பின்பக்கச் சுவரில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஆட்கள் சேர்ந்தார்கள். கண், மூக்கு, வாய் ஒன்றும் கிடையாது. ஒருத்தன் வெறும் பச்சை வளைவு. பாரம் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறான். இரண்டு சிவப்புப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்திருக்கும். அது கோபித்துக்கொண்ட புருசனும் சமாதானம் பண்ணுகிற பெண்டாட்டியும்.

ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆன மதலைமுத்து, சர்ச் கேட்டில் அடிக்கடி உரசிக்கொள்ளும் தன் காரைக் கொண்டுவந்தபோது, அந்தச் சுவர்முன் நின்றார். தக்காளிச் சிவப்பில் ஒரு பெரிய உருண்டை, கீழே மெல்லிசாக இரண்டு சாம்பல் கோடு.

“டேய் அய்யாவு, இது நான்தானே?”

அய்யாவு கன்னைத் துடைத்துக்கொண்டே, “எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?” என்றார்.

“வயித்த முன்னாடி அனுப்பிச்சிட்டு பின்னாடி வர்றவன் இந்த ஏரியாவுல வேற எவன் இருக்கான்?”

அடுத்த வாரம் தன் மனைவி மௌரீனையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். மௌரீன் பார்த்துவிட்டு, “கால் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி அழகா போட்டிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவும் ஒர்க்‌ஷாப்போடு சரி. வீட்டுக்கு ஒன்றைக்கூட அய்யாவு கொண்டுபோனதில்லை. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் அவர்கள் வீடு இரண்டே அறை. பானெட்டுக்கு இடம் கேட்டால் லட்சுமம்மா, நீங்க வெளிய படுத்துக்குங்க, அது உள்ள படுக்கட்டும் என்பாள். அதோடு, வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு இது என்னய்யா என்று கேட்டுவிட்டால் அப்புறம் கை ஓடாது என்று ஒரு பயமும் இருந்தது.

பேத்தி பிறந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. மகள் வீணாவுக்கு ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை என்றதும் அய்யாவு ஆஸ்பத்திரி வாசலில் முன்பின் தெரியாத ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். மறுநாளே குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி மேல்மாடிக்கு எடுத்துக்கொண்டு போய் நீல லைட்டுக்கு அடியில் போட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நிறைய குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். தையல் வலியில் வீணாவால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அய்யாவும் மருமகன் பிரகாஷும் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

அய்யாவு தன் ஆயுசில் எத்தனையோ நீலம் கலந்திருக்கிறார். அப்படியொரு நீலத்தைப் பார்த்ததில்லை. அதன் நடுவில் முந்திரிக்கொட்டை மாதிரி சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாக மினுமினுத்துக்கொண்டு, கண்ணில் வெள்ளைத் துணிக் கட்டோடு, ஒரு காலை மட்டும் வெடுக்கென்று மேலே உதைத்துக்கொண்டிருந்தது அந்தக் குழந்தை. பிரகாஷ் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அய்யாவு அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, ஓரத்தில் அந்த நீலம் எங்கே கருப்பாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை தேறித் தாயோடு வீட்டுக்கு வருவதற்குள் படத்தை அடித்து முடித்துவிட்டார். இந்த ஒரு படத்துக்கு மட்டும் கன்னில் மிஞ்சியதை நம்பி இருக்கவில்லை. தானே கலர் கலந்தார். பெட்ஷீட்டில் சுற்றி, ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ட்யூப் லைட்டுக்கு அடியில் நிறுத்தித் துணியை எடுத்தார்.

லட்சுமம்மா பார்த்தாள். குனிந்து பார்த்தாள்.

“இது என்னது?”

“பாப்பா.”

“எந்தப் பாப்பா?”

“நம்ம பாப்பாதான். வேற எந்தப் பாப்பா.”

“நம்ம பாப்பா பச்சையாவா இருக்குது? முத்துன பீர்க்கங்கா மாதிரி போட்டு வெச்சிருக்க. மூஞ்சி எங்க? இது என்ன, கண்ணக் கட்டி வெச்சிருக்க? சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து பாத்தா என்னான்னு நெனப்பாங்க?”

அய்யாவு வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனார். அதற்குள் வீணாவின் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். லட்சுமம்மா சொன்னது சரிதான். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் புதிதாக வேலைக்கு வருகிற எவனாக இருந்தாலும் முதல் நாளே அவரிடம் திட்டு வாங்குவது ஒரே விசயத்துக்குத்தான். கலர் சேர்கிறதா என்று ட்யூப் லைட்டில் வைத்துப் பார்ப்பான். “லைட்டு பொய் சொல்லும்டா. வெய்யில்ல எடுத்தாந்து பாரு,” என்று கத்துவார். லைட்டில் பார்த்து அடித்த கதவு, வெளியே போனதும் வேற்று வண்டியின் கதவு மாதிரித் தனியாகத் தெரியும். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர் அந்தத் தப்பைச் செய்ததில்லை. இப்போது சொந்தப் பேத்திக்கு, அதுவும் அப்படியொரு நீல லைட்டுக்கு அடியில் வைத்துக் கலர் பார்த்திருக்கிறார்.

காலையில் லட்சுமம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துச் சந்தில் விழுகிற வெய்யிலில் கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அய்யாவு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். குழந்தை வெல்லப்பாகு நிறத்தில் இருந்தாள். கழுத்து மடிப்பில் லேசாக ஊதா. காது மடலுக்குப் பின்னால் இருந்து வெய்யில் பட்டதும் அது சிவப்பாக எரிந்தது. உள்ளங்கால் மட்டும் வேறே ஒரு கலர். அதைக் கலக்க அவருக்கு இன்னும் நாள் ஆகும்.

“என்னாத்துக்கு இப்படி மொறச்சுப் பாக்குற? கண்ணு வெக்காத,” என்றாள் லட்சுமம்மா.

“கலர் பாக்குறேன்.”

“கருப்புன்னு சொல்லிடாத, ஆமா.”

“கருப்புன்னு ஒரு கலரே கெடையாது லட்சுமி. எத்தன கலர் உள்ள இருக்குது தெரியுமா?”

அன்று வேலைக்குக் கிளம்பும்போது பானெட்டை எடுத்துக் கயிறு கட்டினார். வீணா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள்.

“எங்கப்பா எடுத்துக்கினு போறீங்க?”

“வாட்டர் பேப்பர் போட்டு எல்லாத்தயும் தேய்ச்சு எடுத்துட்டு, முதல்ல இருந்து அடிக்கிறேன்மா. கலர் தப்பாப் போச்சு.”

வீணா பெட்ஷீட்டை ஒரு ஓரத்தில் விலக்கிப் பார்த்தாள்.

“லைட்டுல போட்டிருந்தப்ப இப்படியா இருந்தா?”

“இப்படியேதான் இருந்தா.”

“நான் பாக்கவே இல்லியேப்பா. கீழ படுத்துக்கினு, எப்படி இருக்காளோ எப்படி இருக்காளோன்னு நெனச்சுக்கினே இருந்தேன். அவரக் கேட்டா அழுவறாரே தவிர ஒண்ணும் சொல்லல.” அவள் அந்த நீலத்தின் மேல் விரலை வைத்தாள். “இந்தக் கால் ஏன் இப்படி மேல போவுது?”

“ஒரு கால மட்டும் உதைச்சுக்கினே இருந்தா.”

“வயித்துலயும் அப்படித்தான் பண்ணுவா,” என்று வீணா சிரித்தாள். சிரித்ததில் தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “தேய்க்காதீங்கப்பா. இதுவும் இருக்கட்டும். மேல என்ன வேணுமோ அடிச்சுக்குங்க. பெயின்ட் வாசன போனப்புறம் கொண்டாந்தா போதும், புள்ளைக்கு ஆகாது.”

அதுதான் அய்யாவுக்குத் தோன்றாமல் இருந்தது. காரில் பழைய கலரை மறைத்துத்தான் அவருக்குப் பழக்கம். மறைக்காமல் மேலே அடிக்கிற வேலை இதுவரை வந்ததில்லை. வெய்யிலில் பார்த்த அந்த வெல்லப்பாகை, சிவப்பும் மஞ்சளும் ஒரு சொட்டுக் கருநீலமும் விட்டுக் கலந்தார். கலரைத் தொட்டுவைத்த பேப்பர்த் துண்டை வெய்யிலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தார். கிளிஃபர்ட், இன்னிக்கு வெய்யிலுக்கே டச்சப் பண்ணப் போறியா என்று கேட்டார். முந்திரிக்கொட்டைக்கு மேலே, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக, வெதுவெதுப்பாக அந்தக் கலரை ஏற்றினார். ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. கண்கட்டை அப்படியே விட்டார். உதைக்கிற காலையும் விட்டார். காது இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பை ஒரு தூவு. பிறகு வாசனை போகும்வரை ஒர்க்‌ஷாப்பின் பின்பக்க வெய்யிலில் காயவைத்தார்.

இவ்வளவையும் அய்யாவு சொல்லி முடிப்பதற்குள் ஒக்கலிபுரம் தாண்டி ஸ்ரீராம்புரம் வந்துவிட்டது. சந்துக்குள் வண்டியை விட்டுக்கொண்டே சீனு, “அப்ப அண்ணி ஒத்துக்கலன்னா திரும்ப அடுகோடியா?” என்றான்.

“ம்.”

“பாப்பாவுக்கு ரெண்டு ட்ரிப் ஆயிடும். சுத்திப் பாத்த மாதிரி இருக்கும், வுடு.”

வாசலில் மாவிலை கட்டியிருந்தது. கேசரி கிளறுகிற நெய் வாசனை சந்து முனைவரை வந்தது. லட்சுமம்மா பட்டுப்புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோவைப் பார்த்ததும் முகம் மாறியது.

“கொண்டாந்துட்டியா? நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?”

“ஒரு தடவ பாரு. இப்ப வேற மாதிரி இருக்குது.”

“கண்ணத் தொறந்துட்டியா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு வேல கெடக்குது. சீனு, அப்படியே திருப்பு வண்டிய.”

சீனு அவளையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். “எறக்குறதா ஏத்துறதான்னு ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் கேசரி சாப்ட்டுக்கினு வெயிட் பண்றேன்.”

வண்டியைத் திருப்பவும் வழியில்லாமல், சந்து முனையில் அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. பிரகாஷின் அப்பா பாலசுப்ரமணியனும் அம்மாவும் பழத்தட்டு, பூ, பட்டுத்துணியோடு இறங்கி வந்தார்கள். ஆட்டோ வழியை அடைத்திருந்ததால் சீனு அவசரமாகக் கயிற்றை அவிழ்த்து, பானெட்டை வாசல் பக்கத்துச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான். அவன் எடுத்த எடுப்பில் பெட்ஷீட் வண்டியோடு போய்விட்டது.

காலை வெய்யில் நேராக அதன் மேல் விழுந்தது.

எல்லோரும் நின்றார்கள். அய்யாவு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். பாலசுப்ரமணியன் ஆபீஸ் வேலையில் இருந்தவர். எதைப் பார்த்தாலும் நிதானமாகப் பார்க்கிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி வந்து பார்த்தார். லட்சுமம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“சம்பந்தி, இது... நம்ம பாப்பாங்களா?” என்றார்.

அய்யாவு தலையை மட்டும் ஆட்டினார். 

“கால பாருங்களேன்,” என்று சம்பந்தியம்மா முன்னால் வந்தாள். “நம்ம பிரகாஷ் சின்னதுல இப்படித்தான் ஒத்தக் கால உதைச்சுக்கினு கெடப்பான். ஆஸ்பத்திரியில கண்ணக் கட்டியிருந்தாங்கன்னு சொன்னானே, அதான இது? அடியம்மா, உடம்பு எப்படி கொழுகொழுன்னு இருக்குது. என்னா கலரு. கடிச்சுத் திங்கலாம் போல இருக்குது.”

“தள்ளுங்க, தள்ளுங்க,” என்றாள் லட்சுமம்மா.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். தொட்டில் பக்கத்தில் வைத்திருந்த மை டப்பியை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் வந்தாள். ஆள்காட்டி விரலில் மையைத் தொட்டு, பானெட்டின் முன்னால் குனிந்து, வெள்ளைக் கட்டுக்குக் கீழே, வெல்லப்பாகும் மஞ்சளும் சேர்கிற அந்த உருண்டையில், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடாமல், அழுத்தி ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். பிறகு விரலைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பெரியவங்க கண்ணா இருந்தாலும் கண்ணு கண்ணுதான். தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா.”

“ஐயோ, நான் வந்த சந்தோசத்துல சொல்லிட்டேன். நல்லா வைங்க, இன்னொண்ணு கூட வைங்க.”

வீணா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தாள். “ஏம்மா, இதுல மூஞ்சியே இல்லன்னு சண்ட போட்டியே? கன்னம் எங்க இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

லட்சுமம்மா தன் விரலைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள். “வெய்யில்ல தெரியுதுடி,” என்றாள். அப்புறம் குரலை ஏற்றி, “சீனு, கேசரி திங்கறவன் சும்மா நிக்காத. அந்த ஆணிய எடுத்தாந்து தொட்டிலுக்கு எதுக்கால அடி. கெட்டியா அடி, புள்ள இருக்கற வீடு,” என்றாள்.

சீனு ஆணி அடித்தான். பிரகாஷ் ஒரு பக்கம் பிடிக்க, சம்பந்தி ஒரு பக்கம் பிடிக்க, பானெட் சுவரில் ஏறியது. கோணலாக இருக்கிறது என்று சம்பந்தியம்மா சொல்ல, இல்லை சரியாகத்தான் இருக்கிறது என்று லட்சுமம்மா சொல்ல, கடைசியில் இரண்டு பேருமே கையை வைத்து நேராக்கினார்கள். பூ வைத்த தொட்டிலில் குழந்தையைப் போட்டார்கள். பிரகாஷ் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மூன்று தரம் மகா, மகா, மகா என்று கூப்பிட்டான். மூன்றாவது தரம் அவள் கண் திறந்து, எதிர்ச் சுவர்ப் பக்கம் பார்வையைத் திருப்பி, ஒரு காலை வெடுக்கென்று உதைத்தாள். வீடே சிரித்தது.

எல்லோரும் இலைபோடப் போனதும் அய்யாவு தொட்டிலருகே தனியாகக் குனிந்தார். பெயின்ட் ஏறிய நகம் படாமல், விரலின் பின்பக்கத்தால் அவள் கன்னத்துப் பொட்டைத் தொட்டார்.

“ஏய் மகா,” என்றார், “உங்க பாட்டி உன்னக் கண்டுபுடிச்சிட்டாடி.”